நன்றாகத் தின்றும் இளைக்கும் பூனை

(வீட்டுப் பிராணிகளின் முதுமை - 7)

நாய் கிழப்பருவத்தில் பெரும்பாலும் பருத்து மந்தமாகிவிடுவதைச் சென்ற இதழில் பார்த்தோம். பூனையின் போக்கு இதற்கு நேர்மாறானது. நடுவயதில் மடி நிறையப் படுத்திருந்த பிராணி, பத்துப் பன்னிரண்டு வயதைக் கடந்தபின், ஒருவர் கவனத்துக்கும் வராமல் மாதாமாதம் சிறிது சிறிதாகத் தேய்ந்துகொண்டே போகிறது, கடைசியில் என்றைக்கோ வெளியூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன இது, முதுகெலும்பு கையில் தட்டுகிறதே!" என்று சொல்லும்போதுதான் வீட்டாருக்கே விஷயம் தெரியவருகிறது. அவருக்குக் கிடைக்கும் பதில் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "அதற்கும் வயதாகிவிட்டது அல்லவா?"

இந்த வாரம் நமக்கு வழக்கு அந்தப் பதிலோடுதான். வயதான பூனை இளைப்பது சகஜம் என்பது உண்மை. சகஜமாக இருப்பதனாலேயே அதற்குக் காரணம் இல்லை என்று முடிவு செய்வது விவேகமாகாது. காரணத்தைத் தேடிப் போனவர்களுக்கு அது பெரும்பாலும் அகப்பட்டிருக்கிறது. அகப்பட்டவற்றில் பலவும் சிகிச்சைக்குக் கட்டுப்படுபவை.

வீட்டார் கண்ணுக்கு இளைப்பு தப்பிவிடுவதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. தினமும் பார்க்கும் உருவத்தில் மாறுதல் தெரிவதில்லை. அடர்ந்த ரோமத்துக்குள் தோள்பட்டையின் சதை வற்றியதும் இடுப்பெலும்பு துருத்தியதும் மறைந்துபோகின்றன. இவை போதாவென்று எண்களும் நம்மை ஏமாற்றுகின்றன. 4 கிலோ எடையுள்ள பூனை 400 கிராம் குறைந்துவிட்டது என்றால், அரைக் கிலோ கூட இல்லாத அந்த எடையை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் 60 கிலோ எடையுள்ள குடும்பத் தலைவர் ஒருவர், விரதமும் இல்லாமல் தேகப் பயிற்சியும் இல்லாமல், நாலைந்து மாதத்தில் 6 கிலோ இளைத்துவிட்டால் அந்த வீடு எவ்வளவு கலவரப்படும்! இரண்டும் ஒரே விகிதந்தான்.

பூனையும் தன் துன்பத்தைச் சொல்லிக்கொள்ளும் ஜாதியல்ல. தனித்து வேட்டையாடிப் பிழைத்த வம்சம் அது. தன்னைவிடப் பெரிய மிருகங்களுக்கு இரையாகக்கூடிய அளவுள்ளது. ஆகவே பலவீனத்தை வெளிக்காட்டாதிருப்பதையே தற்காப்பாகக் கொண்டுவிட்டது. வலியால் அவதிப்படும் பூனை கத்துவதைவிட ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்துகொள்வதே அதிகம். 2019-ல் கனடாவின் மான்ட்ரியல் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், காதின் நிலை, கண் இடுங்குதல், மூஞ்சியின் இறுக்கம், மீசை, தலையின் நிலை ஆகிய ஐந்தையும் கொண்டு பூனையின் வலியை மதிப்பிடும் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். அந்த முகத்தைப் படிப்பதற்கு ஒரு சாஸ்திரமே வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அதன் மௌனம் எத்தகையது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இளைத்த பூனையைக் கொண்டுபோனால் அனுபவமுள்ள மிருக வைத்தியர் முதலில் கேட்கும் கேள்வி, "தின்கிறதா?" என்பது. தின்னாமல் இளைப்பது ஒரு வழி; தின்றும் இளைப்பது வேறு வழி. பின்னதில் மிக விசித்திரமான ஒன்றின் சரித்திரத்தைச் சற்று விரிவாகவே சொல்லத்தான் வேண்டும். ஏனெனில் "வயதாகிவிட்டது" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு வியாதி முழுவதுமே எவ்வாறு ஒளிந்திருக்கக்கூடும் என்பதற்கு அதைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் கிடையாது.

நியூயார்க் நகரத்தில் 'அனிமல் மெடிக்கல் சென்டர்' என்ற பெரிய பிராணி வைத்தியசாலை ஒன்று உண்டு. 1970-களின் இறுதியில் அங்கே பணியாற்றிய மார்க் பீட்டர்சன் என்ற இளம் டாக்டரும் அவருடைய சகாக்களும், எலும்பும் தோலுமாகத் தேய்ந்துபோயிருந்தும் பசி மட்டும் அடங்காத கிழப் பூனைகள் சிலவற்றைக் கூர்ந்து ஆராய்ந்து, அவற்றின் கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி வீங்கி, தேவைக்கு மேல் ஹார்மோனைச் சுரந்துகொண்டிருப்பதைக் கண்டார்கள். மனிதர்களிடம் நெடுங்காலமாகத் தெரிந்திருந்த ஒரு கோளாறு, பூனைக்கும் தானாகவே வருகிறது என்று 1979-ல் அவர்கள் அறிவித்தபோது வைத்திய உலகத்துக்கு அது புதிய செய்தி. மறு வருஷமே, பாஸ்டனின் ஏஞ்சல் மெமோரியல் ஆஸ்பத்திரியில் பூனை வியாதிகளில் பெயர்பெற்றிருந்த ஜீன் ஹோல்ஸ்வொர்த் அம்மையாரும் அவருடன் பணிசெய்தவர்களும் அதே வியாதி கண்ட பத்துப் பூனைகளின் விவரத்தைப் பிரசுரித்தார்கள். 1983-ல் பீட்டர்சன் குழுவினர் வெளியிட்ட கட்டுரையில் அந்தப் பத்து 131 ஆகிவிட்டது. இன்றைக்கு மேல்நாடுகளில் பத்து வயதைக் கடந்த பூனைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்கு இந்த வியாதி இருக்கிறது. வயதான பூனைகளின் சுரப்பிக் கோளாறுகளில் முதல் ஸ்தானம் இதற்கே.

1979-க்கு முன்னால் இந்தப் பூனைகளெல்லாம் எங்கே இருந்தன? ஓரளவுக்கு அவை வைத்தியர்களின் கண்முன்னேதான் இருந்தன. வயோதிகம் என்று எழுதி மூடிவிட்ட ஏடுகளில் இருந்தன. ஆனால் அது மட்டுமே விடையாகாது. கவனக்குறைவு ஒன்றினாலேயே இத்தனை பெரிய வியாதி மறைந்திருக்க முடியாது என்றும், உண்மையிலேயே அது பெருகித்தான் இருக்கவேண்டும் என்றும் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் பெருக்கியது எது? தகர டப்பாவில் அடைத்த ஆகாரத்தையே முக்கியமாகத் தின்னும் பூனைகளுக்கு இது அதிகம் வருகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டின. 2007-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சி மற்றொரு திசையைச் சுட்டிற்று. சோபா, மெத்தை முதலியவை எளிதில் தீப்பற்றாதிருக்க 1970-களிலிருந்து சேர்க்கப்பட்டுவந்த புரோமின் ரசாயனங்கள், அமெரிக்க மனிதர்களின் ரத்தத்தில் உள்ளதைப்போல் 20 மடங்கிலிருந்து 100 மடங்குவரை அங்குள்ள பூனைகளின் ரத்தத்தில் காணப்பட்டன. வீட்டுத் தூசியில் படியும் ரசாயனம் பூனையின் ரோமத்தில் ஒட்டுகிறது. நாள் முழுவதும் தன் உடம்பை நக்கியே சுத்தம் செய்துகொள்ளும் பூனை அதை உட்கொண்டுவிடுகிறது. சயாமியப் பூனைகளுக்கு இந்த வியாதி குறைவாகவே வருவதனால் பரம்பரைக்கும் இதில் பங்கு இருக்கவேண்டும். காரணம் ஒன்றல்ல, பல சேர்ந்தே இதைச் செய்கின்றன என்பதே என் அபிப்பிராயம்.

இந்த வியாதியின் லட்சணங்களைக் கேட்டால் வாசகர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். தைராய்டு ஹார்மோன் தேகத்தின் எரிபொருள் செலவை நிர்ணயிப்பது. அது மிகுந்துவிட்டால், உறங்கும்போதுகூட உடம்பு ஓடிக்கொண்டிருப்பதாகவே அர்த்தம். தின்றதெல்லாம் எரிந்துபோய், அதுவும் போதாமல் கொழுப்பும் பிறகு சதையும் எரிகின்றன. நாடித் துடிப்பு நிமிஷத்துக்கு 240-ஐயும் தாண்டுவதுண்டு. பதின்மூன்று வயதுப் பூனை திடீரென்று குட்டியைப்போல் அறைக்கு அறை ஓடுகிறது, அலமாரிமேல் தாவுகிறது, தட்டைத் துடைத்துவிட்டு மறுபடியும் சமையலறை வாசலில் நின்று கத்துகிறது. வீட்டார் மனம் பூரித்துப்போய், "எங்கள் பூனைக்கு இளமை திரும்பிவிட்டது" என்று எதிர்வீட்டாரிடம் சொல்லிக்கொள்கிறார்கள். ஆரோக்கியத்தின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு வருவதுதான் இந்த வியாதியின் பெரிய வஞ்சகம். நடுநிசியில் காரணமின்றி ஊளையிடுவது, அடிக்கடி வாந்தி, மிகுந்த தாகம், ரோமம் பளபளப்பிழந்து திரிதிரியாகிவிடுவது ஆகியவை பின்னால் ஒவ்வொன்றாகச் சேரும்போதுதான் சந்தேகம் எழுகிறது.

கைதேர்ந்த வைத்தியர் இதைக் கண்டுபிடிக்கும் விதம் பார்க்கத் தகுந்தது. பூனையை மேஜைமேல் உட்காரவைத்து, அதன் முகவாயைச் சற்றே மேலே தூக்கி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் குரல்வளைக்கு இருபுறமும் மெதுவாகப் பதித்து, மூச்சுக்குழாயை ஒட்டியே மார்பெலும்புவரை வழுக்கிக்கொண்டு இறங்குவார். ஆரோக்கியமான பூனையின் தைராய்டு விரலுக்குத் தட்டுப்படாது. வீங்கியதோ, விரலடியில் ஒரு மொச்சைக் கொட்டை நழுவியதுபோல் ஒரு கணம் தட்டுப்பட்டு மறையும். அந்த நழுவலை உணர்ந்துகொண்டவர் பிறகு ரத்தத்தை எடுத்துத் தைராய்டு ஹார்மோனின் அளவைப் பார்க்கச் சொல்வார்; பெரும்பாலும் அந்த ஒரே பரிசோதனையில் உண்மை வெளிப்பட்டுவிடும்.

சுரப்பியின் கட்டி நூற்றுக்கு இரண்டு மூன்று பூனைகளுக்குத்தான் புற்றுநோயாக இருக்கும். மற்றவற்றில் அது சாதுவானது. ஹார்மோனைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகள், மனிதருக்குக் கொடுப்பவையேதான், ஆயுள் முழுவதும் கொடுத்துவரலாம். ஆனால் பூனைக்குரிய அளவை வைத்தியரே நிர்ணயிக்கவேண்டும். சஸ்திர சிகிச்சையும் உண்டு. எல்லாவற்றிலும் நேர்த்தியானது கதிரியக்க அயோடின் சிகிச்சை. சுரப்பிக்கு அயோடின் இல்லாமல் காரியம் நடவாது. வியாதிப்பட்ட பகுதி பேராசையோடு அதை உறிஞ்சும்போது, பக்கத்திலுள்ள நல்ல திசு வேலையற்று அடங்கிக் கிடப்பதால் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆகவே ஊசிவழிச் செலுத்திய கதிரியக்க அயோடின் கெட்ட இடத்தைத் தேடிப்போய் அதை மட்டும் அழித்துவிட்டு, எட்டு நாளைக்கு ஒருமுறை தன் வலிமையில் பாதியை இழந்து ஓய்ந்துபோகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பூனைகள் அந்த ஒரே ஊசியில் குணமாகின்றன. கதிர் தணியும்வரை பூனையைத் தனியிடத்தில் வைத்துப் பராமரிக்கும் வசதி வேண்டியிருப்பதே இதிலுள்ள சிரமம்.

மற்றொரு சூட்சுமமும் உண்டு. தைராய்டு மிகுந்திருக்கும்வரை சிறுநீரகத்துக்கு ரத்தம் வேகமாகப் பாய்வதனால், அங்கே உள்ள கோளாறு வெளியே தெரியாமல் இருந்துவிடும். சிகிச்சை பலித்துச் சுரப்பி அடங்கியபின் சிறுநீரக வியாதி தலைகாட்டும். மருந்துதான் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என்று மருந்தை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. மருந்து கெடுக்கவில்லை, மறைந்திருந்ததைக் காட்டிக்கொடுத்தது. இதனால்தான் முதல் பரிசோதனையின்போதே இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதும், சில வாரங்களுக்குப் பின் மீண்டும் பார்ப்பதும் வழக்கம்.

சிறுநீரகம் தனியே ஓர் அத்தியாயம் கேட்கும் விஷயம். இங்கே இளைப்புக்கும் அதற்கும் உள்ள சம்பந்தத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருள் உயர்வதைக் கொண்டு இந்த வியாதியைக் கண்டுபிடிப்பது நெடுநாள் வழக்கம். ஆனால் சிறுநீரகத்தின் வேலைத்திறனில் முக்கால்பங்கு போனபின்தான் அது தெளிவாக உயரும். எடையோ அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை. சிறுநீரக வியாதி கண்ட 569 பூனைகளின் பழைய எடைக் குறிப்புகளைத் திரட்டி 2016-ல் வெளியிட்ட ஓர் அமெரிக்க ஆராய்ச்சி, வியாதி நிர்ணயமாவதற்கு மூன்று வருஷங்களுக்கு முன்பே இளைப்பு ஆரம்பித்துவிடுவதையும், கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் மட்டும் நடுத்தரமாக 8.9 சதவீதம் எடை குறைந்திருப்பதையும் எடுத்துக்காட்டிற்று. ரத்தப் பரிசோதனை சொல்வதற்கு முன்பே தராசு சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கேட்பார்தான் இல்லை.

தின்றும் இளைப்பதில் மற்றொன்று நீரிழிவு. நடுவயதில் கொழுத்து, வீட்டைவிட்டு வெளியே போகாமல் வளர்ந்த, காயடிக்கப்பட்ட ஆண் பூனைகளுக்கு இது அதிகம். தண்ணீர்க் கிண்ணம் அடிக்கடி காலியாவதும், மணல் தட்டு சொதசொதவென்று நனைந்திருப்பதும், சிறுநீர் கழித்த இடத்தை எறும்பு மொய்ப்பதும் அடையாளங்கள். முற்றிய நிலையில் நரம்பு தளர்ந்து, பின்னங்கால்களின் குதிகால் தரையில் படிய நடக்கும். ஆனால் பயந்துபோன பூனைக்கு, வியாதி இல்லாமலே, ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிடும். கூடையில் அடைத்து ஆட்டோவில் கொண்டுவந்த பூனையின் சர்க்கரை அளவை ஒருமுறை பார்த்தவுடனே முடிவு கட்டக்கூடாது. அதற்கு முந்தைய இரண்டொரு வாரத்தின் சராசரியைக் காட்டும் ஃபிரக்டோசமைன் பரிசோதனை இருக்கிறது. ஆரம்பத்திலேயே இன்சுலினும் மாவுச்சத்துக் குறைந்த ஆகாரமும் கொடுத்தால், சில காலத்துக்குப் பின் இன்சுலினே தேவையில்லாமல் போகும் பூனைகளும் உண்டு.

இனித் தின்ன ஆசையிருந்தும் தின்ன முடியாத பூனை. இதைப் பார்த்திருக்கிறவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. மீன் வாசனைக்கு ஓடி வருகிறது; தட்டின்முன் குனிகிறது; தலையை ஒருபக்கமாகச் சாய்த்து ஒரு துண்டைக் கவ்வுகிறது; கடித்த கணமே அதைக் கீழே போட்டுவிட்டு, யாரோ அடித்ததுபோல் சீறிக்கொண்டு பின்வாங்குகிறது; முன்காலால் வாயோரத்தைத் தேய்க்கிறது; மறுபடியும் தட்டைப் பார்க்கிறது. "முன்னைப்போல் மீன் பிடிக்கவில்லை, நாக்குச் செத்துவிட்டது" என்று வீட்டில் முடிவு செய்கிறார்கள். பழுது பல்லில். வயதான பூனைகளுக்குப் பல்லின் திசு ஈறோரத்தில் தானே கரைந்து குழியாகும் ஒரு கோளாறு வெகு சாதாரணம். ஈறுக்குக் கீழே உள்ள சேதத்தை எக்ஸ்-ரே எடுத்தால்தான் பார்க்கமுடியும். அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டால், பல்லில்லாத வாயோடு பூனை வயிறாரத் தின்று உடம்பு தேறிவிடுகிறது.

குடலின் விஷயத்தில் நம்மவர்கள் மட்டுமல்ல, உலகத்தார் அனைவருமே அலட்சியமாக இருந்திருக்கிறார்கள். பூனை என்றால் வாந்தியெடுக்கும், ரோமத்தை விழுங்கினால் கக்கத்தானே செய்யும் என்பது எல்லோருடைய எண்ணம். நாட்பட்ட வாந்தி, பேதி, இளைப்பு முதலிய குறிகளோடு சிறுகுடல் தடித்திருந்த 100 பூனைகளின் குடலிலிருந்து திசு எடுத்துப் பரிசோதித்து, 2013-ல் அமெரிக்காவில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. 99 பூனைகளின் குடலில் வியாதி இருந்தது: 49-க்கு நாட்பட்ட அழற்சி, 46-க்கு லிம்போமா என்னும் புற்றுநோய். புற்று என்றவுடன் கைவிட வேண்டியதில்லை. அதில் மெல்ல வளரும் வகைக்கு வீட்டிலேயே கொடுக்கக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு இரண்டு வருஷமும் அதற்கு மேலும் சௌக்கியமாக வாழ்ந்த பூனைகள் அநேகம். குடல் கெட்டால் பி12 வைட்டமினும் உடம்பில் சேராது. அதை ஊசியாகப் போட்டவுடனே பசி திரும்புவதுண்டு.

இத்தனையும் தேடிப்பார்த்து ஒன்றும் இல்லை என்று தெரிந்தபின்தான் வயோதிகத்தின் முறை வருகிறது. அதற்கும் பங்கு உண்டு. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பூனைகளில் ஏறத்தாழ மூன்றிலொன்றுக்குக் கொழுப்பு சரியாக ஜீரணமாவதில்லை; பதினாலைத் தாண்டியவற்றில் ஐந்திலொன்றுக்குப் புரதமும் அப்படியே. ஆகவே கிழப் பூனைக்கு நல்ல ஆகாரம் அதிகம் வேண்டுமேயொழியக் குறைவாக அல்ல. "வயதானதற்கு லேசாகக் கொடுக்கலாம்" என்று சோற்றைக் குழைத்துப் பால் ஊற்றி வைப்பது கருணையால் செய்யும் பிழை. பூனை மாமிச பட்சிணி. டாரின் என்ற சத்து மாமிசத்திலிருந்துதான் அதற்குக் கிடைக்கவேண்டும். அது குறைந்தால் ஹிருதயமே பலவீனப்பட்டுப்போகும் என்பதை 1987-ல் கலிபோர்னியாவின் டேவிஸ் சர்வகலாசாலையில் நிரூபித்தார்கள். பாலோ, தாய்ப்பால் மறந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிப்பதில்லை. பேதியாகி இன்னும் இளைக்கச் செய்யும். பூனையையும் பாலையும் சேர்த்தே படம் வரையும் சித்திரக்காரர்கள் என்னை மன்னிக்கட்டும்.

வைத்தியரிடம் போகுமுன் வீட்டில் செய்யக்கூடாதவை இரண்டு. காய்ச்சலோ வலியோ இருக்கும் என்று எண்ணி, நாம் சாப்பிடும் பாரசிடமால் மாத்திரையை உடைத்துக்கூடக் கொடுக்காதீர்கள். அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. ஒரே மாத்திரை உயிரைக் குடித்துவிடும். இரண்டாவது, பசித்தால் தானே தின்னும் என்று பட்டினி போடாதீர்கள். பருத்த பூனை இரண்டு மூன்று நாள் தின்னாமல் இருந்தாலே, தேகத்திலுள்ள கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ப் படிந்து மஞ்சள் காமாலை கண்டுவிடும். அதன் பிறகு பிழைக்கவைப்பது பிரயாசை. ஒரு முழு நாள் ஒன்றும் தின்னாத பூனையை மறுநாளே வைத்தியரிடம் காட்டிவிடவேண்டும்.

செய்யவேண்டியதோ மிகச் சுலபம். கைக்குழந்தைகளை எடைபோடும் தராசு கிடைத்தால் சிலாக்கியம்; இல்லையென்றால், பூனையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறையும், இறக்கிவிட்டு ஒருமுறையும் வீட்டுத் தராசில் ஏறி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். இம்முறையில் நூறு கிராம் முன்பின்னாக இருக்கலாம். ஆனால் மாதந்தோறும் அதே தராசில் பார்த்துவந்தால் எடை போகும் திசை தெரிந்துவிடும். இருபதில் ஒரு பங்கு, அதாவது 4 கிலோ பூனைக்கு 200 கிராம், காரணமின்றிக் குறைந்திருக்கக் கண்டால், பூனை துள்ளி விளையாடினாலும், தட்டைத் துடைத்துத் தின்றாலும், ரத்தம், சிறுநீர், பல் ஆகிய மூன்றையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். "வயதாகிவிட்டது" என்ற பதில் ஆஸ்பத்திரியிலேயே கிடைத்தால் வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பத்து வயதைக் கடந்த பூனை வைத்திருக்கும் வாசகர்கள் இந்த வாரமே ஒருமுறை எடை பார்த்து, தேதியோடு காலண்டரில் குறித்துவைக்க வேண்டுகிறேன். அடுத்த இதழில் சிறுநீரக வியாதியைப் பற்றியும், வீட்டிலேயே பூனைக்குத் தோலுக்கடியில் சலைன் ஏற்றும் முறையைப் பற்றியும் சொல்லும்போது அந்த எண் உங்களுக்குத் தேவைப்படும்.

(தொடரும்)